மெஷினை விட்டு நகராத மனிதர்

“இத்தனை வருஷமா நீ பண்ணிண்டு வந்ததுக்கும் நான் இப்போ பண்ணினதுக்கும் என்னம்மா வித்தியாசம்?” இன்று காலை பெட்டியை ரேழியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே நீ கேட்டாய். எனக்கு விடை தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறேன். மாணவிகள் கேட்டு எனக்குத் தெரியாமல் போனால் தெரியாது என்று சொல்வதில் கூச்சம் இருந்ததில்லை. உன்னிடம் மட்டும் அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். பிறகு, “சரி, நாளைக்கு உன் விழாவை நீயே நடத்திக்கோ” என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் ரயிலுக்குப் போய்விட்டாய். காபி டம்ளர் நீ வைத்த இடத்திலேயே இப்போதும் இருக்கிறது.

ஆவணியில் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் பிள்ளைக்கு எழுதும் கடிதத்தில் ஆசீர்வாதம் முதலில் வரவேண்டும். கடைசியில் எழுத முடிந்தால் எழுதுகிறேன். முதலில் நடந்ததை, சோதனைக்கூட நோட்டில் எழுதுவதுபோல வரிசையாக எழுதிக்கொள்கிறேன். நேற்று மாலை, நம் விழாப் படங்களில் ஒன்றைத் தேர்ந்து மற்ற ஊர்களில் காட்ட எடுத்துப்போகக் கல்கத்தாவிலிருந்து வருகிறவரின் ரயில் நேரத்தைத் தேடித் திரைப்படச் சங்கத்துக் கோப்பைப் பிரித்தேன். மூன்று வாரத்துக்கு முன், விழாவில் மெஷின் ஓட்டும் யூசுப் பாய்க்கு எழுதிய கடிதத்தின் நகல் அதில் இருந்தது. “தங்கள் படத்தைக் குழு பார்த்தது. பல இடங்களில் பிம்பம் மிகவும் இருட்டாக இருப்பதால் இவ்வாண்டு திரையிட இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” எழுத்து உன்னுடையது. கீழே நான் போடாத என் கையொப்பம். கார்பன் தாளை எடுக்காமலே போட்டிருக்கிறாய், என் பெயர் நீலமாக அழுத்திப் பதிந்திருந்தது. எந்தக் குழுவும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தது நீயும் நானும்தான். எதை எழுதினாலும் நகல் வைத்துக்கொள் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அதை மட்டும் நீ தவறாமல் கேட்டிருக்கிறாய்.

பாய் என்னிடம், “படத்தை இந்த வருசம் குடுக்கலைங்க டீச்சரம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். நீயும் அதையே சொன்னாய். நான் நம்பினேன். பாய்க்கு ஏதோ தயக்கம், அடுத்த வருடம் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஏன் கொடுக்கவில்லை என்று அவரையே ஒரு முறை கேட்டிருக்கலாம். கேட்காதது என் சுபாவம். பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவள் என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்த நல்ல பெயருக்குப் பின்னால் எவ்வளவு சோம்பல் இருந்திருக்கிறது என்று இப்போது பார்க்கிறேன்.

இந்த விழா எப்படித் தொடங்கியது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நல்ல படம் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்ட பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சங்கம் வைத்தோம். கல்லூரி புரொஜக்டரை விடுமுறை நாட்களில் தந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. பெரிய கடை வீதியில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த யூசுப் பாய்தான், “இது என்னங்க, தையல் மிஷின் மாதிரிதான்” என்று அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டார். கடை வீதியில் பாதிக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர் அவர். சினிமாத் தியேட்டர்காரர்கள் எங்களுக்கு இடம் தருவதாக இல்லை. அப்போது உன் அப்பாதான் சொன்னார்: “ஆடி மாசத்துல கல்யாணம் கிடையாது. ஸ்ரீரங்கத்துல அத்தனை மண்டபமும் ஈயடிச்சிண்டு கிடக்கும். போய்க் கேளேன்.” இப்படித்தான் நம் விழா ஆடியில் வந்து உட்கார்ந்தது. ஆடிக்காற்றில் திரைத்துணி பாய்மரம்போல உப்பும். உறையூர்த் தறியில் நெய்த இரண்டு அகலத்தைச் சேர்த்துத் தைத்த துணி அது. பன்னிரண்டு வருடமாக உலகத்து முகங்கள் எல்லாம் நடுவில் ஒரு தையலோடுதான் நமக்குத் தெரிந்திருக்கின்றன.

மண்டபத்துக்காரர் வரதன் மாமா, இன்று உனக்கு மாமனாராகப் போகிறவர், அன்றைக்கு எங்களை நாற்காலி போட்டு உட்காரவைத்து மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். மூன்று நாள் மண்டபம், மதியம் எல்லாருக்கும் தளிகை, எல்லாவற்றுக்கும் சம்மதம். எழுந்து வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: “படம் யார் வேணா காட்டட்டும், யார் வேணா பாக்கட்டும் டீச்சர். பந்தியில யார் யார் உக்காரான்னு மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்கோ.” அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்று அவருக்கும் புரிந்தது. நான் கோயிலுக்குப் போகாதவள். ஆசாரத்தைப் பற்றி என் அபிப்பிராயம் இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான், “பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மண்டபம் வேண்டியிருந்தது.

முதல் வருடம் மத்தியானம் இலை போட்டபோது பாய் கை கழுவக் கிளம்பினார். நான் குறுக்கே போய், “நீங்க மெஷின்கிட்டயே இருங்க பாய், இந்தக் காத்துல யாராவது எதையாவது தட்டிடப்போறா. சாப்பாடு அங்கேயே வரும்” என்றேன். ஒரு கணம்தான் என்னைப் பார்த்தார். “ஆமாங்க, மெஷினை விட்டு வரக்கூடாதுதான்” என்றார். பின்கட்டில் சாமான் அறையில் புரொஜக்டர் பெட்டியின் மேல் அவருக்குச் சாப்பாடு வைக்கப்பட்டது. கொண்டுபோய் வைத்தது பன்னிரண்டு வயதான நீ. திரும்பி வந்து, “ஏம்மா, பாய் நம்மளோட உக்காரலை?” என்று கேட்டாய். “அவர் மெஷினை விட்டு நகரமாட்டார்டா” என்றேன். உனக்கு நான் சொன்ன முதல் பொய்யா என்று தெரியாது, ஆனால் நீண்ட காலம் உழைத்த பொய். அடுத்த வருடம் அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. சமையல்காரரே, “மெஷின்காரருக்கு எடுத்து வெச்சாச்சு” என்பார். பாயும் இலை போடும் நேரத்தில் தானாகவே பின்கட்டுக்குப் போய்விடுவார். உன் அப்பா மட்டும் ஒரு தரம், சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டே, “நீ மண்டபத்தை வாடகைக்கு எடுக்கலை. யூசுப்பைக் குடுத்து மாத்திண்டிருக்கே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் போய் நான்கு வருடமாகிறது, எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு கேட்கிறது.

படம் காட்டினால் மட்டும் போதாது, இங்கிருப்பவர்களே படம் எடுக்கவேண்டும் என்று பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. வருடத்துக்கு நாலு பேருக்கு ஆளுக்கு ஒரு ரோல் கச்சா ஃபிலிம் கொடுத்தோம். ஒரு ரோல் நாலு நிமிடம் ஓடும். கேமரா ஒன்றுதான், முறைவைத்து எடுத்துப்போவார்கள். கைலாசபுரம் குடியிருப்பிலிருந்து வந்த வெல்டரை உனக்கு நினைவிருக்கும். நாலு நிமிடமும் தன் பிள்ளை தூங்குவதையே எடுத்து வந்தார். திரையிடும்போது பாதி மண்டபம் கொட்டாவி விட்டது. அவர் எழுந்து நின்று, “குழந்தைதாங்க தூங்குது, நீங்க ஏன் தூங்குறீங்க?” என்றார். அந்த மனிதர் அடுத்தடுத்து எடுத்த படங்கள் எவ்வளவு நன்றாக வந்தன! ஒரு ரோலையும் ஒரு கூட்டத்தையும் கொடுத்தால் சாதாரண மனிதர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பதற்கு எனக்கு வேறு நிரூபணம் தேவையாக இல்லை.

யூசுப் பாய் மட்டும் தனக்கு வந்த ரோலில் உடனே எதையும் எடுக்கவில்லை. ஐந்து வருடம் ஐந்து ரோலை, மச்சான் மருந்துக்கடையின் ஐஸ் பெட்டியில் ஊசி மருந்துகளோடு வைத்திருந்தார். “நாலு நிமிசத்துல சொல்ற விசயம் எங்கிட்ட இல்லைங்க டீச்சரம்மா” என்பார். ஐந்தும் சேர்ந்த பிறகுதான் ஒரே படமாக எடுத்தார். நாம் கொடுத்த ஃபிலிமுக்கு நெகடிவ் கிடையாது. கேமராவில் ஓடிய அதே சுருள்தான் பம்பாயில் கழுவி வந்ததும் படமாகிவிடும். உலகத்தில் அதற்கு ஒரே பிரதி. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒரு கீறல் கூடும். அதனால் அவர் தன் படத்தைப் பத்திரமாக வைத்திருந்து, இந்தப் பங்குனியில் உன்னையும் என்னையும் மட்டும் கூப்பிட்டு, ஸ்டுடியோ சுவரில் ஒரே ஒரு முறை ஓட்டிக் காட்டினார்.

இருபது நிமிடம், பேச்சில்லாத படம். நம் மண்டபத்தின் பின்கட்டு ஜன்னல் வழியாக எடுத்தது. கல்யாணங்களுக்கு ஃபோட்டோ எடுக்கப் போகும்போதும் அவரை அதே சாமான் அறையில்தான் உட்காரவைப்பார்களாம். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை, ‘லைட் நல்லா விழும் ரூமுங்க’ என்று சொன்னார். ஜன்னலுக்கு வெளியே எச்சில் இலை வந்து விழும் இடம். இலைகள் வருகின்றன. ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஒரு பெண் இலையிலிருந்து கடிபடாத ஜாங்கிரி ஒன்றைப் பொறுக்கி, குழாயில் கழுவி, முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அப்போது நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறாள். அவள் முகத்தில் வெட்கம் இல்லை, நமக்குத்தான் பார்வையைத் தாழ்த்தத் தோன்றுகிறது. கடைசியில் கால் கழுவிக்கொள்ளக் கல்யாணப்பெண் தனியாகப் பின்பக்கம் வருகிறாள். அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு ஒருத்தி குழாயை விட்டு விலகி மற்றவளுக்கு வழிவிடுகிறாள். அவ்வளவுதான். விளக்கைப் போட்டபோது நீ அழுதிருந்தாய். “பாய், இதை மட்டும் கல்கத்தாக்காரர் பாத்தார்னா ஊர் ஊரா எடுத்துண்டு போவார்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். உனக்குப் புரொஜக்டரில் ஃபிலிம் மாட்டக் கற்றுக்கொடுத்த கை அது. அன்றைக்கு உன்னைப் பெற்றதற்காக நான் மனதுக்குள் பெருமைப்பட்டேன். வழக்கம்போல வாயைத் திறந்து சொல்லவில்லை.

அதற்குப் பிறகு உனக்குக் கோதையை நிச்சயம் செய்தோம். அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவளை நல்லபடியாக வைத்துக்கொள். அவள் அப்பா படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, “என் மண்டபத்து எச்சில் இலையை என் மண்டபத்துலயே காட்டப்போறேளா? அதுவும் என் மாப்பிள்ளையா?” என்று கேட்டதாக இன்று காலை சொன்னாய். கேட்டிருப்பார். அதை நீ என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். பாயிடமே போய், “மாமனார் ஒத்துக்கலை பாய், எனக்குத் தைரியம் இல்லை” என்று சொல்லியிருக்கலாம். அவர் உன்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்பார். நீ அதைச் செய்யாமல், அவர் படம் சரியில்லை என்று எழுதினாய். கோழைத்தனத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், அதில் எனக்கே பழக்கம் உண்டு. நன்றாக இருந்ததை நன்றாக இல்லை என்று எழுதி, அதை நான் சொன்னதாக அனுப்பியதை என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த ஊரில் யாருடைய வார்த்தையை அவர் சோதித்துப் பார்க்காமல் நம்புவாரோ அவளுடைய பெயரைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறாய்.

இதை நான் சொன்னதும் நீ பதில் வைத்திருந்தாய். “நீ அவர் இலையை வெளியில வெச்சே. நான் அவர் படத்தை வெளியில வெச்சேன். ரெண்டும் அதே மாமாவுக்காக, அதே மண்டபத்துக்காக. என்னம்மா வித்தியாசம்?” நாள் முழுவதும் யோசித்துவிட்டேன். நான் பாயை ஏமாற்றவில்லை, அவருக்குத் தெரிந்தே நடந்தது என்று முதலில் சொல்லிக்கொண்டேன். தெரிந்தே ஒருவரைப் பன்னிரண்டு வருடம் தலையாட்ட வைத்தது எப்படிச் சின்னத் தவறாகும் என்று உடனே தோன்றியது. நான் விழாவுக்காகச் செய்தேன், நீ உனக்காகச் செய்தாய் என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் நிற்கவில்லை. விழாவில் எனக்குக் கிடைத்த பெயர் யாருக்காம்? நீ என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் தவறு உன் தவறைக் கழித்துவிடும் என்று எண்ணாதே. அடிபட்ட இடம் அடிபட்ட இடமாகவே இருக்கிறது. என் ஒப்பத்தைப் பழகிப் பார்த்திருப்பாய் அல்லவா, ஏதாவது ஒரு தாளில், நாலைந்து தரம்? அந்தத் தாளைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு நான் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். வீட்டில் சௌகரியமாக ஒரு பொய் ஓடிக்கொண்டிருந்தால் அதை எல்லாரும் சேர்ந்துதான் ஓட்டுவார்கள். நல்லவர்கள்தான் அதற்கு அதிகம் எண்ணெய் ஊற்றுவார்கள். கோதையோடு அப்படி ஒன்றைத் தொடங்கிவிடாதே. சண்டை போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. உன் அப்பாவும் நானும் போதுமான அளவு சண்டை போடவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு விழா. அதற்கு முன் பாயின் ஸ்டுடியோவுக்குப் போய் உண்மையைச் சொல்லி, அந்தச் சுருளைக் கேட்டு வாங்கி வந்து, முதல் படமாகப் போடப்போகிறேன். வரதன் மாமா மண்டபத்தைப் பூட்டினால் பூட்டட்டும். மத்தியானம் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பாட்டை நிறுத்தினால் எல்லாரும் சேர்ந்து பட்டினி கிடப்போம். இன்றைக்கே போயிருக்கலாம். நீ கிளம்பியபோது மணி எட்டுகூட ஆகவில்லை. வாசல்வரை இரண்டு முறை போனேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்குமுன் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டால் மனது தெளியும் என்று தோன்றியது. திரும்பி வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். இப்போது விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. இதை இன்னும் தபாலில் சேர்க்கப்போவதில்லை. நாளை நடப்பதையும் எழுதி அனுப்புகிறேன்.

மறுநாள் மாலை எழுதுகிறேன்.

எட்டரைக்கெல்லாம் ஸ்டுடியோவில் இருந்தேன். பஸ் பாலத்தில் வரும்போது காவேரி இரு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாய் கதவைத் திறந்து, “வாங்க டீச்சரம்மா, நானே மிசினுக்குக் கெளம்பிட்டுத்தான் இருக்கேன்” என்றார். நான் நின்றபடியே சொன்னேன்: படம் இருட்டாக இல்லை, எந்தக் குழுவும் பார்க்கவில்லை, கடிதம் எனக்குத் தெரியாமல் எழுதப்பட்டது. அவர் கையிலிருந்த சைக்கிள் சாவியை மேஜைமேல் வைத்தார். பிறகு, “தம்பி போட்ட கையெழுத்துன்னு பார்த்ததுமே தெரிஞ்சுச்சுங்க. நீங்க சொல்லித்தான் போட்டிருக்கும்னு நெனச்சேன்” என்றார். “நான் சொல்வேனா பாய்?” என்று கேட்டேன். “சாப்பாடும் தம்பிகிட்டதானே குடுத்தனுப்புவீங்க” என்றார். குத்திக்காட்டுகிற குரலே இல்லை. எனக்கு விளக்கம் சொல்லும் குரல்.

சுருளைக் கேட்டேன். உள்ளே கூட்டிப்போனார். இருட்டறையில் கொடி கட்டி ஃபிலிம் தோரணம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. “பழைய ரோலு, அதான் இருட்டடிச்சிருச்சுன்னு நெனச்சேங்க. வெளுக்க வைக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. நுனியில ஒரு சாண் வெட்டிப் போட்டுப் பாத்தேன், நல்லா வந்துச்சு. விழாவுக்குள்ள சரி பண்ணிக் கொண்டாந்துட்டா உங்க மனசு மாறும்னு…” என்றார். மருந்தில் தவறில்லை. கழுவிய தண்ணீர்தான். குழாயில் புதுவெள்ளம் கலங்கலாக வந்திருக்கிறது. ஊறி இளகியிருந்த படலத்தில் வண்டல் ஏறி, தொட்ட இடமெல்லாம் தோலாக உரிந்து வந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பி ஓரிடத்தில் தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகம் எங்கும் இல்லை.

“எப்போ கழுவினீங்க?” என்று கேட்டேன்.

“நேத்து சாயங்காலந்தாங்க. அஸர் தொழுகை முடிச்சப்புறம்.”

அந்த நேரத்தில் நான் உனக்கு எந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன் என்று இப்போது புரட்டிப் பார்க்க முடியும். பார்க்கவில்லை.

வரதன் மாமாவோடு சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன், அதற்கும் தேவை இருக்கவில்லை. வாசலிலேயே, “அந்தப் படம் இல்லையோல்லியோ?” என்றார். “இல்லை” என்றேன். அது உண்மைதான். பாய் பத்து மணிக்கு மெஷினை ஓட்டினார். ஒரு தரம்கூடப் பிம்பம் மங்கவில்லை. கல்கத்தாக்காரர் வெல்டரின் புதுப் படத்தை எடுத்துக்கொண்டார். அதற்கு அது தகுதியான படம்தான்.

மத்தியானம் இலை போட்டதும் நான் பந்தியில் உட்காரவில்லை. பாயைக் கூப்பிட்டு வர நானே பின்கட்டுக்குப் போனேன். அவர் வராவிட்டால் அங்கேயே அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று இரண்டு இலையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். சாமான் அறை சாத்தியிருந்தது. சமையல்காரர் கொண்டுவந்து வைத்த சாப்பாடு வாசலில் மூடியபடி இருந்தது. “மெஷின்காரர் சைக்கிள்ல வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டாரே மாமி” என்றார் சமையல்காரர். “மெஷினைத் துணி போட்டு மூடி, யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனார்.”

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தார். இரண்டு மணிக்குப் படம் ஓடியது.